செய்முறையில் கிடைத்தது 1.2, எழுதச் சொன்னது 1: அனுபவச் சூத்திரத்தில் அனுபவம் எங்கே?

எருவில் மாணவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்தர உயிரியல் பிரிவில் முதலாம் ஆண்டில் படிக்கிறேன். கடந்த வாரம் எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் மகனீசியம் நாடாவைப் புடக்குகையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணத்தில்) எரித்து, மகனீசியம் ஒட்சைட்டின் அனுபவச் சூத்திரத்தை, அதாவது அதிலுள்ள அணுக்களின் மிக எளிய முழு எண் விகிதத்தை, காணும் செய்முறையைச் செய்தோம். எங்கள் குழு எடுத்த நாடாவின் திணிவு 0.36 கிராம். எரித்து, ஆறவிட்டு நிறுத்தபோது உள்ளே இருந்தது 0.56 கிராம். ஆகவே சேர்ந்த ஒட்சிசன் 0.20 கிராம். அணுக்களின் எண்ணிக்கையை மூல் என்ற அலகில் ஒப்பிட, 0.36ஐ மகனீசியத்தின் அணுநிறையான 24ஆலும் 0.20ஐ ஒட்சிசனின் அணுநிறையான 16ஆலும் வகுத்தால் முறையே 0.0150 மூலும் 0.0125 மூலும் வருகின்றன. விகிதம் 1.2இற்கு 1, முழு எண்களில் 6இற்கு 5.

குறிப்பேட்டில் அப்படியே எழுதிக் காட்டினேன். அதை வெட்டிவிட்டு 1இற்கு 1 என்று எழுதும்படியும், வழுவுக்கான காரணங்கள் என்ற தலைப்பின் கீழ் வெண்புகை வெளியேறியது, நைத்திரசனுடனும் தாக்கம் நிகழ்ந்தது என்ற இரண்டையும் சேர்க்கும்படியும் சொல்லப்பட்டது. எல்லாக் குழுக்களும் அதே இரண்டு காரணங்களையே எழுதின. நான் புகை எதையும் காணவில்லை. நைத்திரசன் தாக்கமுற்றதா என்று யாரும் பார்க்கவும் இல்லை.

என் அக்கா வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறார். அவருடைய ஆய்வு முறையியல் குறிப்பிலும் அனுபவ ஆதாரம் என்ற சொல் வருகிறது. தரவு கருதுகோளுக்கு எதிராக வந்தால் கருதுகோளையே மீளப் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. நாங்களோ தரவை அல்லவா கைவிட்டோம்? இந்தச் சூத்திரத்தில் அனுபவம் என்று சொல்லப்படுவது யாருடைய அனுபவம்?

கல்லடி ஓய்வுநிலை ஆசிரியர்

மகள், முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதற்கு எளிய விகித வாய்ப்பாடு என்று பெயர். அந்தப் பெயர் கிடைத்த விடையைக் குறிக்கிறது. நாம் இலங்கையில் வழங்கும் அனுபவச் சூத்திரம் என்ற பெயரோ விடை கிடைத்த வழியைக் குறிக்கிறது. ஒரு சேர்வையை எரித்தோ பிரித்தோ, நிறுத்து, அந்த நிறைகளிலிருந்து பெற்றது என்பதே அதன் பொருள். சித்த வைத்தியர்கள் கைகண்ட மருந்து என்பார்களே, அந்தக் கைகண்ட என்ற சொல் இதற்கு மிக அருகில் வருகிறது. ஆகவே அனுபவம் உங்களுடையதுதான். உங்கள் தராசினுடையது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

அந்தத் தராசு என்ன சொன்னது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நீங்கள் எடுத்தவை மூன்று வாசிப்புகள்: வெற்றுப் புடக்குகை, நாடாவுடன் புடக்குகை, எரித்த பின் புடக்குகை. உங்கள் எண்களைப் பார்க்கும்போது தராசு 0.01 கிராம் வரை காட்டுவது என்று எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வாசிப்பும் 0.01 கிராம் பிசகியிருக்கலாம் என்று கொண்டு, மூன்று பிசகுகளும் விகிதத்தைக் குறைக்கும் பக்கமாகவே அமைந்தன என்றும் வைத்துக் கணித்தால், மகனீசியம் 0.34, ஒட்சிசன் 0.22, விகிதம் 1.03. மூன்றும் எதிர்ப்பக்கம் அமைந்தால் 0.38, 0.18, விகிதம் 1.41. அதாவது உங்கள் செய்முறை சொன்னது 1.2 அன்று, 1.03இற்கும் 1.41இற்கும் இடையில் ஏதோ ஒன்று என்பதே. அந்த இடைவெளிக்குள் 6இற்கு 5 இருக்கிறது, 5இற்கு 4 இருக்கிறது, 4இற்கு 3உம் இருக்கிறது. ஆகவே 6இற்கு 5 என்று எழுதுவதற்கும் உங்களிடம் ஆதாரம் இல்லை. ஆனால் 1இற்கு 1 அந்த இடைவெளிக்குள் இல்லை என்பதையும் கவனியுங்கள். தராசை மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாது, வேறு ஏதோ நடந்திருக்கிறது.

என்ன நடந்திருக்கலாம்? 0.36 கிராம் மகனீசியம் முழுவதும் ஒட்சைட்டானால் 0.60 கிராம் வரவேண்டும். உங்களுக்கு 0.04 கிராம் குறைகிறது. மூடியைத் தூக்கும்போது புகை போனாலும் குறையும், நாடாவின் ஒரு பகுதி எரியாமல் கிடந்தாலும் குறையும், மகனீசியம் காற்றிலுள்ள நைத்திரசனுடன் சேர்ந்து நைத்திரைட்டு உண்டானாலும் குறையும். நாடாவைத் தேய்த்துத் துப்புரவாக்காமல் பழைய ஒட்சைட்டுப் படையுடன் நிறுத்திருந்தாலும், சூடு ஆறுமுன் தராசில் வைத்திருந்தாலும் அப்படியே. இவை எல்லாம் ஒரே பக்கம் சாயும் வழுக்கள். பத்துத் தடவை செய்து சராசரி எடுத்தாலும் இவை ஒன்றையொன்று ஈடுசெய்யா. சராசரி எடுத்தால் வழு போய்விடும் என்று நானே பல ஆண்டுகள் கவனமில்லாமல் படிப்பித்திருக்கிறேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு தடயத்தை விட்டுச் செல்லும். நைத்திரைட்டு இருந்தால், ஆறிய தூளில் சில துளி நீர் விட்டுச் சூடாக்க அமோனியா வரும். ஈரமான சிவப்புப் பாசிச்சாயத்தாள் நீலமாகும், மூக்குக்கும் தெரியும். குறைந்த 0.04 கிராமுக்கும் நைத்திரைட்டுத்தான் காரணம் என்றால், உங்கள் மகனீசியத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் அதுவாக மாறியிருக்க வேண்டும். அவ்வளவு இருந்தால் அந்த மணத்தைத் தவறவிடவே முடியாது. எரியாத மகனீசியம் இருந்தால் ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தில் குமிழிகள் எழும், ஒட்சைட்டு மட்டும் என்றால் குமிழியின்றிக் கரையும். நீங்கள் வெட்டிய 1.2ஐ விட எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். வழுவுக்கான காரணமும் ஓர் அறிவியல் கூற்றே. அதற்கும் ஆதாரம் வேண்டும். எல்லாக் குழுக்களும் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருக்கின்றன.

எங்கள் ஊர்க்காரருக்கு இது புதிதல்ல. நிலவுக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய், துடுப்பை நீரில் விட்டு மறுநுனியைக் காதில் வைத்தால் மட்டக்களப்பு வாவிக்குள்ளிருந்து ஓர் ஓசை கேட்கும் என்பார்கள். அன்றைய பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் 1848இல் இங்கே வந்தபோது அதைக் கேட்டதாகவும், படகின் மரத்தில் காதை வைத்தபோது ஓசை பெருகியதாகவும் 1859இல் வெளியிட்ட தமது நூலில் எழுதியிருக்கிறார். அவரிடம் மீனவர்கள் சொன்ன காரணம் ஒரு வகைச் சிப்பி. நாம் இன்று வழங்கும் பெயரோ பாடும் மீன். ஓசை கேட்டது ஒரு தரவு, அது மீனா சிப்பியா என்பது அந்த ஓசைக்குள் இல்லை. உங்கள் 0.04 கிராம் குறைவு அந்த ஓசையைப் போன்றது. நைத்திரைட்டு என்று குறிப்பேட்டில் எழுதியது மீன் என்று பெயர் வைத்ததைப் போன்றது.

அம்பாறை வாய்க்கால்காரர்

நான் இரசாயனம் படித்தவன் அல்லன், நீர்ப்பாசன வேலையில் இருப்பவன். தலைப்பைப் பார்த்ததும் எங்கள் தொழிலில் நாம் அனுபவச் சூத்திரம் என்று சொல்வதைத்தான் நினைத்தேன். வாய்க்காலில் நீர் எவ்வளவு வேகமாக ஓடும் என்று கணிக்க, அயர்லாந்துப் பொறியியலாளர் றொபேட் மானிங் 1889இல் முன்வைத்த சூத்திரத்தைப் பயன்படுத்துகிறோம். அதில் வாய்க்காலின் கரடுமுரடைக் காட்டும் எண் ஒன்று இருக்கிறது. நல்ல கொங்கிறீற்றுக்கு 0.013 அளவில், துப்புரவான மண் வாய்க்காலுக்கு 0.022 அளவில் எடுப்போம். அந்த எண் எந்தக் கோட்பாட்டிலிருந்தும் இறங்கி வந்ததன்று, ஓடும் நீரை அளந்து அளந்து பெற்றது. அதே வாய்க்காலில் புல்லும் சல்வீனியா என்ற நீர்க்களையும் மண்டி அந்த எண் 0.033 ஆனால், அதே ஆழத்திலும் அதே சரிவிலும் வேகம் மூன்றில் இரண்டாகக் குறைந்துவிடும். கடைமடை வயலுக்குத் தண்ணீர் போகவில்லை என்று விவசாயிகள் வந்து நிற்கும்போது, புத்தகத்தில் 0.022 என்றுதான் இருக்கிறது என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

நாங்கள் கிடைத்த எண்ணை அப்படியே வைத்துக்கொள்கிறோம், அதை முழு எண்ணாக்க எங்களுக்கு எந்தத் தேவையும் இல்லை. உங்கள் சூத்திரத்துக்கு மட்டும் ஏன் முழு எண் வேண்டும்? தெரியாததால்தான் கேட்கிறேன்.

சம்மாந்துறை ஆய்வு மாணவன்

வாய்க்கால்கார அண்ணரின் கேள்விதான் இந்த இழையின் நடு நரம்பு. இரசாயனவியலின் அனுபவச் சூத்திரம் முழுக்க அனுபவமும் அன்று. நிறைகள் தராசிலிருந்து வருகின்றன. ஆனால் 24ஆல் வகு, 16ஆல் வகு, வருவது முழு எண்களின் விகிதமாக இருக்கவேண்டும் என்பவை அணுக்கொள்கையிலிருந்து வருகின்றன. அரை அணு சேராது என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுதான் நாம் கணக்கைத் தொடங்குகிறோம்.

அந்த முன் ஏற்பு பிழைத்தால் நல்ல நிறுவையும் பிழையான சூத்திரத்தையே தரும். நீரில் ஒட்சிசனுக்கும் ஐதரசனுக்கும் உள்ள நிறை விகிதம் 8இற்கு 1. அணுக்கொள்கையை முன்வைத்த யோன் தாற்றன் 1808இல் வெளியிட்ட நூலில், ஐதரசனை 1 என்று கொண்டு, அன்றைய நிறுவைகளை வைத்து ஒட்சிசனுக்கு 7 என்ற அணுநிறையைக் கொடுத்தார். அந்த 7இற்கும் 8இற்கும் உள்ள வேறுபாடு நிறுவையின் குறை, அது பின்னர் திருந்திவிட்டது. நீரில் ஓர் ஐதரசனும் ஓர் ஒட்சிசனும் இருப்பதாக அவர் கொண்டதோ எந்த நிறுவையாலும் திருந்தக்கூடியதன்று. இரண்டு மூலகங்களுக்கு ஒரே ஒரு சேர்வைதான் தெரிந்திருந்தால் அது ஒன்றுக்கு ஒன்றாக இருக்கும் என்ற எளிமை விதியை அவரே வகுத்து வைத்திருந்தார். ஐதரசனும் ஒட்சிசனும் கனவளவில் 2இற்கு 1 என்று சேர்கின்றன என்ற கே-லுசாக்கின் அளவீடு 1809இல் வெளிவந்தது. அதன் பொருளை அவகாதரோ 1811இல் விளக்கினார். ஆயினும் 1860இல் ஜேர்மனியின் கார்ல்சுருகே நகரில் இரசாயனவியலாளர் கூடியபோதும் அணுநிறைகள் பற்றிய குழப்பம் தீராமல் இருந்தது. நிறை என்ற ஒரு வகை ஆதாரத்தால் முடியாததை, கனவளவு என்ற வேறு வகை ஆதாரம்தான் திறந்து வைத்தது.

தங்கச்சி, உங்கள் மகனீசியம் ஒட்சைட்டு 1இற்கு 1 என்பதும் அப்படித்தான் நிலைநிற்கிறது. உங்கள் புடக்குகையை மட்டும் நம்பி யாரும் அதைச் சொல்லவில்லை. எக்ஸ் கதிர்களைக் கொண்டு பார்த்தால் அதன் பளிங்கு சோடியம் குளோரைட்டின் அமைப்பையே கொண்டிருக்கிறது, ஒவ்வோர் மகனீசியத்துக்கும் ஓர் ஒட்சிசன் இருக்கிறது. அக்காவின் குறிப்பில் உள்ள விதி சரியானதே. ஆனால் ஒரு தரவு ஒரு கருதுகோளைத் தனியே எதிர்கொள்வதில்லை. அந்தக் கருதுகோளைத் தாங்கி நிற்கும் மற்ற ஆதாரங்களையும் அது சேர்த்தே எதிர்கொள்கிறது. 0.01 கிராம் வரை காட்டும் தராசில், ஒரே ஒரு தடவை எடுத்த மூன்று வாசிப்புகளுக்கு அந்தப் பலம் இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் முழு எண்ணுக்கு இழுத்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். இங்கே நான் ஆசிரியரை விடச் சற்றுக் கடுமையாகப் பேச விரும்புகிறேன். சேர்வைகளின் அமைப்பு நிலையானது என்று புரூஸ்றும், மாறக்கூடியது என்று பெர்தோலேயும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீண்ட விவாதம் நடத்தினார்கள். புரூஸ்று வென்றார், நாம் படிக்கும் மாறா விகிதசம விதி அவருடையது. ஆனால் வூஸ்தைட்டு என்ற இரும்பு ஒட்சைட்டை எவ்வளவு கவனமாகப் பகுத்தாலும் ஓர் ஒட்சிசனுக்கு ஓர் இரும்பு வருவதில்லை, 0.95 அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் வருகிறது. பளிங்கில் இரும்பு இருக்க வேண்டிய இடங்களில் சில வெறுமையாக இருப்பதே காரணம். அந்த 0.95ஐ 1 என்று எழுதி, வழுவுக்கான காரணம் புகை என்று சேர்த்திருந்தால் அந்த வெற்றிடங்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. 1.2ஐ வெட்டுவதற்கும் 0.95ஐ வைத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு எண்ணின் அளவில் இல்லை. ஒன்றின் ஐயப்பரப்பு, அதாவது அளவீட்டுப் பிசகுகளால் விடை அமையக்கூடிய இடைவெளி, மிக அகலமானது, மற்றதினுடையது மிகக் குறுகியது.

எருவில் மாணவி

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் சொன்னபடி நேற்றுத் திரும்பச் செய்தோம். எங்கள் பாடசாலை ஆசிரியரிடம் இந்தக் கணக்கைக் காட்டியபோது அவரே ஒரு பாடவேளையை ஒதுக்கித் தந்தார். இம்முறை நாடாவைத் தேய்த்து 0.48 கிராம் எடுத்தோம். எரித்த பின் சில துளி நீர் விட்டு மெதுவாகச் சூடாக்கியபோது சிவப்புப் பாசிச்சாயத்தாள் மங்கலாக நீலமானது, மணம் பெரிதாக வரவில்லை. நிறை மாறாமல் நிற்கும் வரை திரும்பத் திரும்பச் சூடாக்கி நிறுத்தோம். இறுதியில் 0.78 கிராம். ஒட்சிசன் 0.30 கிராம், விகிதம் 1.07இற்கு 1. இந்த முறை கணித்த ஐயப்பரப்புக்குள் 1 வருகிறது.

குறிப்பேட்டில் 1.07 என்றும், ஏற்றுக்கொள்ளப்பட்ட விகிதம் 1 என்றும் இரண்டையும் எழுதினேன். நைத்திரைட்டு சிறிதளவு உண்டானது, பாசிச்சாயத்தாளில் கண்டோம் என்றும் எழுதினேன். மூடியின் அடிப்பக்கத்தில் வெண்தூள் படிந்திருந்ததால் புகை இழப்பு என்பதையும் இம்முறை கண்டு எழுதியிருக்கிறேன்.

கல்லடி ஓய்வுநிலை ஆசிரியர்

மிக நன்று, மகள். ஒன்றை மட்டும் திருத்துங்கள். மூடியையும் புடக்குகையோடு சேர்த்து நிறுத்தீர்களா? முதல் வாசிப்பிலிருந்து கடைசி வாசிப்பு வரை மூடியும் தராசில் இருந்திருந்தால், அதன் அடியில் படிந்த தூள் உங்கள் 0.78இற்குள்ளேயே இருக்கிறது, அது இழப்பு அன்று. மூடி தராசுக்கு வெளியே மேசையில் இருந்திருந்தால் அது இழப்புத்தான். எது நடந்தது என்று உங்கள் குழுவிடம் கேட்டு, அதையே எழுதுங்கள்.