3^18 வரை சரி, 3^19 வந்ததும் விடை தப்பு
2^(3^19) போல அடுக்குக்கு மேல் அடுக்கு வரும் எண்ணை 1000000007-ஆல் வகுத்து மீதி காண வேண்டும். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

மொழி சி++17. முதலில் 3^19-ஐ 1000000007-ஆல் வகுத்து மீதி எடுக்கிறேன்; அந்த மீதியையே 2-க்கு அடுக்காகப் போடுகிறேன். 3^18 வரை விடை சரி. மேலே உள்ள அடுக்கு 1000000007-ஐத் தாண்டியதுமே தப்பு.

எல்லா மாறிகளையும் லாங் லாங் (பெரிய முழு எண்களைத் தாங்கும் வகை) ஆக்கினேன். ஒவ்வொரு பெருக்கலுக்கும் மீதி எடுத்தேன். அப்புறம் பைத்தானில் நேரடியாகப் போட்டு ஒப்பிட்டபோது ஒன்று கண்ணில் பட்டது: என் விடையை இன்னொரு முறை 2-ஆல் பெருக்கி மீதி எடுத்தால் சரியான விடை வருகிறது! 2-க்குப் பதில் 5 வைத்தால் 5-ஆல் பெருக்க வேண்டியிருக்கிறது. இது தற்செயலாக இருக்க முடியாது. ஒட்டுப்போட்டுச் சமாளிக்க மனமில்லை, காரணம் புரிய வேண்டும்.

மேல் அடுக்கை எந்த எண்ணால் வகுத்து மீதி எடுக்க வேண்டும், ஏன்?