நாட்டை இழந்த அரசுகள் நேச நாடுகளுக்கு என்ன கொடுத்தன?

நூலகவாசி (கேள்வி):
இரண்டாம் உலகப் போரில் நார்வே, நெதர்லாந்து, பெல்ஜியம், போலந்து அரசுகள் லண்டனில் போய் உட்கார்ந்தன. ஊரில் வரி வசூல் இல்லை, படையும் கொஞ்சம்தான். ஆனாலும் நேச நாடுகள் அவற்றைக் கூட்டாளிகளாக நடத்தின. மரியாதைக்காகவா, அல்லது உருப்படியாக ஏதாவது கிடைத்ததா? உள்நாட்டு எதிர்ப்பு இயக்கங்கள் பாலம் தகர்த்த கதைகள் நிறைய இருக்கின்றன. அதனால் போரில் என்ன மாறியது என்று விவரமாகச் சொல்ல முடியுமா?

கடலோடி:
நார்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1940-ல் உலகின் நான்காவது பெரிய வணிகக் கப்பல் தொகுதி அவர்களுடையது. ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி இறங்கியபோது பெரும்பாலான கப்பல்கள் வெளிக்கடலிலோ அயல்நாட்டுத் துறைமுகங்களிலோ இருந்தன. நாடு திரும்புங்கள், முடியாவிட்டால் நடுநிலை நாட்டுத் துறைமுகத்துக்குப் போங்கள் என்று ஜெர்மானியர் பிடித்த ஆஸ்லோவிலிருந்து உத்தரவு வந்தது. கேப்டன்கள் மதிக்கவில்லை.

ஆனால் கேப்டன்களின் துணிச்சல் மட்டும் போதாது. கப்பல் முதலாளிகள் பலர் ஆக்கிரமிப்புக்குள் மாட்டியிருந்தார்கள். அவர்களை மிரட்டி ஒரு கடிதம் வாங்கிவிட்டால், அதை வைத்து வெளிநாட்டு நீதிமன்றத்தில் கப்பலை முடக்கப் பார்க்கலாம். இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஏப்ரல் 22 அன்று, அரசு இன்னும் நார்வே மண்ணில் ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருந்தபோதே, கப்பல்களை அரசே எடுத்துக்கொள்ளும் அவசரச் சட்டம் போட்டார்கள். முழு அதிகாரத்தையும் நாடாளுமன்றம் 9-ம் தேதியே எல்வெரூம் என்ற ஊரில் அரசுக்குக் கொடுத்திருந்தது. அதனால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு இருந்தது. ஆங்கிலேய நீதிமன்றமும் பிறகு ஏற்றுக்கொண்டது.

இப்படிப் பிறந்த நார்வே அரசின் கப்பல் நிறுவனமான நோர்ட்ராஷிப்பிடம் சுமார் 1,000 கப்பல்கள், 40 லட்சம் டன்னுக்கு மேல் கொள்ளளவு, ஏறத்தாழ 30,000 மாலுமிகள். எண்ணெய்க் கப்பல்கள் அதில் ஏராளம். பிரிட்டனுக்கு அதுதான் உயிர்நாடி. கப்பல் வருமானத்திலேயே நார்வே அரசு தன் செலவைப் பார்த்துக்கொண்டது. கடன்காரனாக நிற்காததால் பேச்சுவார்த்தையில் அதன் சொல் எடுபட்டது. போர் முடிவதற்குள் ஏறத்தாழப் பாதிக் கப்பல்கள் மூழ்கிவிட்டன.

தந்திமேடை:
கப்பல்கள் வெளியே இருந்ததால் கைக்கு வந்தன. உள்நாட்டுத் தகவல் உடனுக்குடன் வர வேண்டுமென்றால் வானொலிப் பெட்டிதான் வழி. இயக்கங்களின் பலமும் பலவீனமும் அதில்தான் இருந்தது.

பிரிட்டிஷார் கொடுத்த பி2 பெட்டி ஒரு சூட்கேஸில் அடங்கும்; எடை சுமார் 15 கிலோ, திறன் 20 வாட் அளவில். அனுப்பும் அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் அதை நிர்ணயிக்கும் தனிக் கிரிஸ்டல் வேண்டும். எதிரி, திசையறியும் கருவி பொருத்திய வண்டிகளில் நெருங்கி வருவான். பிறகு தெருத்தெருவாக மின்சாரத்தை நிறுத்துவான். எந்தத் தெருவில் கரண்ட் போனதும் மோர்ஸ் ஒலி நிற்கிறதோ, அங்கே வீடுவீடாகச் சோதனை. 6 வோல்ட் கார் பேட்டரிக்கு மாற்றும் வசதி பெட்டியில் இருந்தது இதற்காகவும்தான். ஒரே வீட்டிலிருந்து நீளமாக அனுப்பியவர்கள் தப்புவது கடினம்.

ஆனால் பெரிய அழிவு லண்டன் முனையில் நடந்தது. 1942 மார்ச்சில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஹ்யூப் லாவர்ஸ் என்ற தந்தியாளர் பிடிபட்டார். செய்தியில் குறித்த இடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவது அவருடைய பாதுகாப்பு அடையாளம். ஜெர்மானியர் கட்டாயப்படுத்தி அனுப்பவைத்தபோது அந்தப் பிழை இல்லாமல் அனுப்பினார். “பிடிபட்டேன்” என்பதற்கு அவர் செய்யக்கூடியது அதுதான். லண்டன் அதைப் பொருட்படுத்தவில்லை. லண்டன் அடுத்தடுத்து அனுப்பிய உளவாளிகள் 50-க்கும் மேற்பட்டோர் பாராசூட்டோடு ஜெர்மானியர் கையிலேயே இறங்கினார்கள்; கூடவே போட்ட ஆயுதங்களும் அப்படியே போயின. 1943 ஆகஸ்டில் இருவர் சிறையிலிருந்து தப்பி, சுவிட்சர்லாந்து போய்ச் சொன்னார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் 1944 செப்டம்பரில் மவுட்ஹாவுசன் முகாமில் கொல்லப்பட்டார்கள். பெட்டி பழுதாகவில்லை, ஆளும் தவறவில்லை. சரிபார்க்க வேண்டியவர்கள் சரிபார்க்கவில்லை.

நூலகவாசி:
நன்றி. போர்முனைக்கே நேரடியாகப் பயன்பட்ட ஓர் உதாரணம் உண்டா?

வடகரை:
ஆன்ட்வெர்ப் துறைமுகம். நீங்கள் பாலம் தகர்த்த கதைகளைச் சொன்னீர்கள். இங்கே பெல்ஜிய இயக்கத்தினர் செய்தது காப்பாற்றும் வேலை. 1944 செப்டம்பர் 4 அன்று பிரிட்டிஷ் 11-வது கவசப் படைப்பிரிவு நுழைந்தபோது, கப்பல்துறைகள், நீர்வாயில்கள், கிரேன்கள் ஏறத்தாழச் சேதமில்லாமல் கிடைத்தன. ஜெர்மானியர் வெடிவைப்பதை இயக்கத்தினர் தடுத்திருந்தார்கள். நேசப் படைகளுக்கு எரிபொருளும் குண்டுகளும் நார்மண்டியிலிருந்து லாரிகளில் வந்துகொண்டிருந்த நேரம் அது.

ஆனால் கடலிலிருந்து ஆன்ட்வெர்ப் வர ஷெல்ட் ஆற்றில் சுமார் 80 கி.மீ. வர வேண்டும். அதன் முகத்துவாரத்தின் இரு கரையும் ஜெர்மானியர் வசம். தளபதிகள் அதை உடனே பிடிக்காமல் விட்டார்கள். முதல் சரக்குக் கப்பல் அணி நவம்பர் 28 அன்றுதான் வந்தது. இயக்கம் கொடுத்ததை ஏறத்தாழ மூன்று மாதம் பயன்படுத்த முடியவில்லை. பிறகு அந்த முகத்துவாரத்தைப் பிடிக்கும் சண்டையில் உயிர்விட்ட கனடியர்கள் பலரைக் காப்பாற்றியிருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

கடலோடி:
மாலுமிகளைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. நார்வே மாலுமிகளின் போர்க்காலப் படி பிரிட்டிஷ் மாலுமிகளுடையதைவிட அதிகமாக இருந்தது. பிரிட்டன் வற்புறுத்தியதால் அதைக் குறைத்து, வித்தியாசத் தொகையைத் தனி நிதியில் போட்டார்கள். போர் முடிந்ததும் மாலுமிகள் அதைக் கேட்டார்கள். வழக்கில் 1954-ல் தோற்றார்கள். 1972-ல்தான் நாடாளுமன்றம் அவர்களுக்குப் பணம் ஒதுக்கியது. 3,000-க்கும் மேற்பட்ட மாலுமிகள் போரிலேயே இறந்துவிட்டிருந்தார்கள்; அந்தப் பணம் அவர்களுடைய குடும்பங்களுக்குப் போக வேண்டியிருந்தது.