லாரி புக்கிங் ஆபீசில் புதிதாக உட்கார்ந்திருக்கிறேன், லோடு போடும் வேலையை எங்கிருந்து கற்றுக்கொள்வது?

ராசிபுரம்_தம்பி:

வணக்கம். பி.காம் முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இரண்டு வருடம் கணக்கு எழுதினேன். சங்ககிரியில் என் பெரியப்பாவுக்கு லாரி புக்கிங் ஆபீஸ். சொந்தமாக மூன்று வண்டி: இரண்டு டாரஸ் (பத்துச் சக்கர லாரி), ஒரு 12 வீல். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனதால் போன மாதத்திலிருந்து நான்தான் போனுக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் வாரமே ஒரு ஜவ்வரிசி லோடு வந்தது. நாசிக், 18 டன், டன்னுக்கு 3,400. மொத்த வாடகை 61,200. பெரியப்பா வழக்கமாக வாங்குவதைவிட டன்னுக்கு 200 ரூபாய் கூட என்பதால் உடனே சரி சொல்லி ஒரு டாரஸை அனுப்பிவிட்டேன். சரக்கு இறங்கியபின் நான்கு நாள் வண்டி அங்கேயே காலியாக நின்றது. கடைசியில் டன்னுக்கு 2,100 ரூபாய்க்குத் திருச்சிக்கு வெங்காயம் ஏற்ற வேண்டியதாயிற்று. டிரைவர் அண்ணன் ஒன்றும் திட்டவில்லை. ஆனால் இப்போது நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை, பெரியப்பா கூப்பிட்டால் எடுக்கிறார்.

கணக்கு எனக்கு வரும். இந்த வேலை வரவில்லை. எதைக் கேட்டு, எதைப் பார்த்து வண்டியை அனுப்ப வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாமக்கல்_லோடு_அக்கா:

தம்பி, நான் 2003-லிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். வீட்டுக்காரர் வண்டி ஓட்டினார், நான் போன் பார்த்தேன். இப்போது ஆபீஸ் முழுக்க என் பொறுப்பு. உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 200 ரூபாய் கூட வாங்கியதில் 18 டன்னுக்குக் கிடைத்தது 3,600. அதே வாரம் நாசிக்கிலிருந்து திருச்சிக்கு எங்கள் வண்டி ஒன்றுக்கு டன்னுக்கு 2,600 ஓடியது, ஏனென்றால் இங்கே ஜவ்வரிசி ஏறும்போதே அங்கே வெங்காயம் பேசி வைத்துவிட்டேன். உங்களுக்கு 2,100. 18 டன்னுக்கு வித்தியாசம் 9,000. அதற்கு மேல் நான்கு நாள். போக நான்கு, வர நான்கு, ஏற்றி இறக்க இரண்டு என்று பத்து நாளில் முடிய வேண்டிய நடை பதினான்கு நாள் ஆனால், மாதம் மூன்று நடை ஓடுகிற வண்டி இரண்டுதான் ஓடும். ஃபைனான்ஸ் டியூ அந்த நான்கு நாளைத் தள்ளுபடி செய்யாது. டிரைவருக்கும் நடைக்குத்தான் சம்பளம் என்றால், அவர் வீட்டிலும் அதே அடி. அவர் போனை எடுக்காததன் காரணம் அங்கேதான் இருக்கிறது.

அதனால் லோடு வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி வாடகை இல்லை. "எங்கே இறங்குகிறது, என்றைக்கு இறங்கும்?" என்பதுதான். இறங்குமிடத்துக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த புக்கிங் ஆபீஸ் இருக்கிறதா என்று யோசித்துவிட்டுத்தான் வாடகை பேசுவேன். நம் பக்கத்து வண்டிக்கு இதில் ஒரு வசதி உண்டு. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் வேண்டும். கர்நாடகத்தில் தாவணகெரே, ஹாவேரி பக்கம் மக்காச்சோளம், மத்தியப் பிரதேசத்தில் இந்தூர், மகாராஷ்டிரத்தில் லாத்தூர் பக்கம் சோயா புண்ணாக்கு. வடக்கே போன வண்டி இந்தச் சரக்கோடு வந்தால் வீட்டு வாசலில் இறக்கின மாதிரி. நாசிக்கில் வெங்காயம் படியவில்லை என்றால் அங்கேயே காத்துக்கிடக்காமல், ஹூப்ளி வரை ஏதாவது ஒரு லோடு போட்டு, அங்கிருந்து 150 கிலோமீட்டர் காலியாக வந்து தாவணகெரேயில் சோளம் ஏற்றலாம். இரண்டு துண்டாக வருவது டிரைவருக்கு அலைச்சல்தான், ஆனால் அவரிடமே கேளுங்கள், நான்கு நாள் சும்மா நிற்பதைவிட அதைத்தான் கேட்பார்.

செலவையும் வண்டி கிளம்பும் முன்பே எழுதிப் பாருங்கள். நாசிக் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். லோடோடு டாரஸ் லிட்டருக்கு நான்கு கொடுக்கிறது என்று வைத்தால் 325 லிட்டர். டீசல் 92 ரூபாய் என்று போட்டால் 29,900. உங்கள் 61,200-ல் பாதி அதிலேயே போய்விட்டது. மீதியில்தான் டோல், டிரைவர் படி, ஏற்றுகூலி, டயர் தேய்மானம், டியூ எல்லாம். போகும் வாடகை போகிற செலவைத்தான் தாங்கும், உங்களுக்கு மிஞ்சுவது திரும்பி வரும்போது ஏற்றும் ரிட்டன் லோடில்.

அடுத்தது எடை. சரக்கு அனுப்பும் பார்ட்டி "இன்னும் இரண்டு டன் போட்டுக்குங்க, வாடகை தர்றோம்" என்பார். ஆர்சியில் (வண்டிப் பதிவுச் சான்றில்) மொத்த எடை, காலி வண்டி எடை இரண்டும் இருக்கும், கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சரக்கு. உங்கள் மூன்று வண்டிக்கும் அந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பழைய டாரஸ் மொத்த எடை 25 டன்னில் பதிவாகியிருக்கும், புதிது 28. போனில் அவசரமாகப் பேசும்போது குழம்பிவிடும். ஓவர்லோடுக்கு 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதோடு அதிகச் சரக்கை அங்கேயே இறக்கச் சொல்வார்கள். நடுரோட்டில் 22 மூட்டையை இறக்கி வைத்துவிட்டு டிரைவர் என்ன செய்வார்?

தார்ப்பாய் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2011 ஆடியில் ராசிபுரம் பக்கத்து ஆலையிலிருந்து 200 மூட்டை ஜவ்வரிசி, மூட்டை 90 கிலோ, மகாராஷ்டிரத்துக்கு ஏற்றினோம். வெளி வண்டி, நான் கமிஷனுக்குப் போட்ட லோடு. "தார்ப்பாய் இருக்குதா?" என்று போனில் கேட்டேன், "இருக்குதுங்க" என்றார் டிரைவர். அவர் சொன்னது பொய்யில்லை, இருந்தது. கோலாப்பூர் தாண்டி இரண்டு நாள் மழை. இறக்கும்போது 14 மூட்டை கட்டியாகிப் புளித்த வாடை அடித்திருக்கிறது. பார்ட்டி அந்தப் பணத்தை வாடகையில் பிடித்துக்கொண்டார். வண்டிக்காரர் என்னைக் கேட்டார், டிரைவர் அழுதார். என் வாயால் சரியாகக் கேட்காத குற்றம் என்று பட்டது, பாதியை என் கையிலிருந்து கொடுத்தேன். இன்றைக்கும் மழைக்காலத்தில் உணவுச் சரக்கு என்றால் ஆபீஸ் பையனை அனுப்பித் தார்ப்பாயைப் பிரிக்கச் சொல்வேன். காலி பாடிக்கு மேல் தார்ப்பாயை விரித்துக் கட்டிவிட்டு உள்ளே ஏறி நின்று மேலே பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் நட்சத்திரம் மாதிரி வெளிச்சம் தெரியும். வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மடிப்பு விழும் இடத்தில்தான் முதலில் நைந்துபோகும், கயிறு இழுபடும் ஓரத்தையும் பார்க்க வேண்டும்.

பணம் பற்றி: அட்வான்ஸ் எவ்வளவு, பேலன்ஸ் எப்போது, இறக்கிய ரசீது அசல் வந்தபிறகா, வாட்ஸ்அப்பில் படம் வந்தாலே போதுமா, இதையெல்லாம் லோடு ஏறும் முன்பே பேசுங்கள். ஏறியபிறகு பேசினால் உங்கள் பேச்சுக்கு எடை இல்லை. ஹால்டிங்கும் (இறக்கத் தாமதமானால் வண்டி காத்துநிற்பதற்கான பணம்) அப்படித்தான். "போய்ச் சேர்ந்து 24 மணி நேரம் வரைக்கும் ஒன்றும் இல்லை, அதற்கு மேல் ஒரு நாளைக்கு இவ்வளவு" என்று எண்ணோடு ஒரு செய்தி அனுப்பி, பார்ட்டியிடமிருந்து "சரி" என்ற ஒரு வார்த்தையாவது பதிலாக வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனையோ பஞ்சாயத்தில் அந்த ஒரு "சரி"தான் என்னைக் காப்பாற்றியது.

டாரஸ்_12_வருடம்:

நான் டிரைவர். அக்கா சொன்னதெல்லாம் சரி. எங்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

தம்பி, "நாசிக்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். குடோன் லொகேஷன், இறக்குகிறவர் நம்பர், அவர் இந்தி பேசுவாரா மராத்தி மட்டுமா, ஞாயிற்றுக்கிழமை இறக்குவார்களா, இவ்வளவும் கேட்டுச் சொல்லுங்கள். பெரிய ஊர்களில் லாரி உள்ளே போக நேரக் கட்டுப்பாடு உண்டு. காலை எட்டு மணிக்கு ஊர் எல்லைக்குப் போய்ச் சேர்ந்து ராத்திரி வரை ரோட்டோரம் நிற்பதற்கு, முந்தின தாபாவில் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வந்திருப்பேன்.

அப்புறம் இந்தப் போன். "எங்கே வர்றீங்க, எங்கே வர்றீங்க" என்று மணிக்கொரு தடவை கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தில் லோடோடு இறங்கும்போது போன் அடித்தால் கை நடுங்கும். அங்கே எத்தனை வண்டி பிரேக் பிடிக்காமல் போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று ஆபீசில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம், அதற்கு எங்களைக் கூப்பிட வேண்டியதில்லை.

உங்கள் டிரைவர் போனை எடுக்க வேண்டும் என்றால் ஒன்று செய்யுங்கள். வண்டி வந்ததும் நேரில் போய், அந்த நான்கு நாள் படியைக் கையில் கொடுங்கள். அதற்குப் பிறகு பேசுங்கள்.

கணக்கு_பார்ப்பவன்_ஈரோடு:

நான் சில டிரான்ஸ்போர்ட்டுகளுக்குக் கணக்கு பார்க்கிறேன். காகிதம் பற்றி மட்டும்.

சரக்கின் மதிப்பு 50,000-க்கு மேல் போனால் வெளிமாநிலத்துக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டும், 2018 ஏப்ரலிலிருந்து இப்படித்தான். தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று காலம் கொடுப்பார்கள், உங்கள் நாசிக்குக்கு ஏழு நாள். புதியவர்கள் தடுக்கி விழுவது அந்தப் பில்லின் இரண்டாம் பகுதியில். அதில் வண்டி நம்பர் இருக்கும். வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்குச் சரக்கை மாற்றினால், அந்தப் புது நம்பரைப் போட்ட பிறகுதான் வண்டி நகர வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு வண்டி இப்படி மாற்றாமல் போய், பறக்கும் படையிடம் சிக்கி மூன்று நாள் நின்றது. காலம் முடியப்போகிறது என்றால் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பிலிருந்து முடிந்து எட்டு மணி நேரம் வரை நீட்டிக்கலாம். அதைத் தவறவிட்டால் அபராதப் பேச்சுதான்.

டிடிஎஸ் (பணம் கொடுப்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி): பத்து வண்டிக்கு மேல் இல்லை என்று பான் நம்பரோடு ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் பார்ட்டி வாடகையில் பிடிக்கக் கூடாது. உங்களுக்கு மூன்று வண்டிதானே, அதை ஒரு முறை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி இன்சூரன்ஸ் சரக்குக்கு ஆகாது. அது தனி. சரக்குக்கு யார் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு லோடுக்கும் கேளுங்கள். அக்காவின் 14 மூட்டைக்கு யாராவது எடுத்திருந்தால் அன்றைக்கு அந்தப் பஞ்சாயத்தே இல்லை.

நாமக்கல்_லோடு_அக்கா:

ஈரோட்டுத் தம்பி சொன்னது உண்மை. அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்று விட்டுப்போனது. வெளி வண்டிக்கு லோடு போடும்போது வண்டி உண்மையானதா என்று பாருங்கள். வேறு வண்டியின் நம்பர் பலகையை மாட்டி, அதே நம்பரில் ஆர்சி நகலும் காட்டிச் சரக்கை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆர்சி படத்தை நம்பாமல் பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) தேதி பார்ப்பேன். ஏற்றுமிடத்தில் சேசிஸ் நம்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். டிரைவர் கொடுக்கும் ஓனர் நம்பருக்கு மட்டும் பேசி முடிக்காமல், அந்த வண்டிக்கு முன்பு லோடு போட்ட ஆபீசிலும் ஒரு வார்த்தை கேட்பேன். நல்ல ஓனர் யாரும் இதற்குக் கோபிப்பதில்லை.

ராசிபுரம்_தம்பி:

அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. மூன்று வண்டி ஆர்சியையும் எடுத்துப் பார்த்தேன், ஒரு டாரஸ் 25 டன்தான். நான் 28 என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை திருச்சியில் வெங்காயம் இறக்கிவிட்டு வண்டி வந்தது. படியைக் கொடுத்தேன். அண்ணன் வாங்கி எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு, "பின்னாடி இடது பக்கம் உள் டயர் பாரு, இன்னொரு நடை தாங்காது" என்றார். மாற்றச் சொல்லிவிட்டேன். இரண்டு நாளில் வண்டி ஓடும். இந்தத் தடவை புனேவுக்கு ஒரு லோடு பேசுகிறார்கள், இன்னும் சரி சொல்லவில்லை. ரிட்டனுக்கு யாரைக் கேட்பது?

நாமக்கல்_லோடு_அக்கா:

எந்த டாரஸ், 25 டன்னா, இன்னொன்றா? புனேயில் என்றைக்கு இறங்கும் என்று பார்ட்டியிடம் கேட்டுத் தேதியோடு எனக்கு அனுப்புங்கள். தாவணகெரேயில் சோளம் ஏற்றும் ஆபீஸ் ஒன்றில் இருபது வருடப் பழக்கம், பேசிப் பார்க்கிறேன். அதுவரை புனேக்காரருக்கு வாக்கு கொடுக்காதீர்கள். டயர் போட்டதும் டிரைவரிடமும் கேளுங்கள், புனே போய்த் தாவணகெரே வழியாக வர அவருக்குச் சம்மதமா என்று.