ஆச்சி வீடு குழு: மாமாவின் இருமல்

வியாழன், இரவு 8:10

கௌரி: ஞாயித்துக்கிழமை எல்லாரும் 10 மணிக்குள்ள வந்துடணும். எத்தனை வருஷம் கழிச்சு மொத்தப் பேரும் ஒண்ணா உக்காரப் போறோம். வேலை இருக்கு, தலைவலின்னு யாராச்சும் ஆரம்பிச்சா குழுவை விட்டே தூக்கிடுவேன்

மாறன்: அத்தை, நாங்க மூணு பேர். அப்பாவுக்கு மட்டும் 3 நாளா இருமல். ராத்திரி பூரா லொக்கு லொக்கு, எனக்குத் தூக்கமே போச்சு

செழியன்: டேய். தூசி அலர்ஜிடா அது

தாரிணி: மாமா, காய்ச்சல் இருக்கா?

செழியன்: இல்லம்மா

மீனா: நேத்து 100.4

செழியன்: இந்த வீட்டுல எனக்கு ரெண்டு ஒற்றர்

தாரிணி: மாமா கோபப்படாதீங்க. ஒரு கொரோனா டெஸ்ட் கிட் வாங்கிப் பாத்துடுங்க. சரியாகலன்னா இந்த ஒரு தடவை…

செழியன்: இந்த ஒரு தடவை? முடிச்சுச் சொல்லு

தாரிணி: வராம இருந்துடுங்க மாமா

8:31

செழியன்: இதே வார்த்தை. 2020-ல, கொரோனா சமயத்துல, எங்கம்மா போனப்ப இதே குழுவுல நீ எழுதினது. மேல தள்ளிப் பாரு, இன்னும் கிடக்கும். "வராம இருந்துடுங்க மாமா"

கௌரி: தம்பி, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு

செழியன்: இல்லக்கா, அன்னைக்கு யாரும் பேசவிடல. பெத்த பிள்ளை நான். போன்ல பாத்தேன், அதுவும் ரெண்டு தடவை படம் நின்னுபோச்சு. மூணாவது தடவை வந்தப்ப ஜிப் போட்ட பைதான் தெரிஞ்சுது. அதுக்கு அப்புறம் டிவியில பாத்தா பெரிய மனுஷங்க ஆயிரக்கணக்குல கூட்டம் போடுறாங்க. கிருமி என்ன ஆள் பாத்தா வரும்?

ராஜசேகர்: செழியா, வருத்தம் நியாயம். ஆனா சட்டம்னு பாத்தா இது நேத்து வந்த கதை இல்ல. 1377-லயே ரகூசாவுல, இன்னைக்கு டுப்ரோவ்னிக்னு சொல்ற ஊரு, பிளேக் உள்ள இடத்துலேர்ந்து வர்றவன் 30 நாள் வெளியவே காத்திருக்கணும்னு உத்தரவு. பின்னாடி அது 40 நாளாச்சு. குவாரன்டைன்ங்கிற பேரே இத்தாலி பாஷையில நாப்பதுங்கிற சொல்லுலேர்ந்து வந்ததுதான்

செழியன்: எங்கம்மாவுக்கு நாப்பது நிமிஷம்கூடத் தரல அத்தான்

(இதுக்கு அஞ்சு நிமிஷம் யாரும் பதில் போடல)

8:44

ராஜசேகர்: ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், அப்புறம் திட்டிக்கோ. அமெரிக்காவுல கேம்பிரிட்ஜ்னு ஒரு நகரம், மாசசூசெட்ஸ் மாநிலம். 1902-ல பெரியம்மை பரவுது, எல்லாரும் ஊசி போடணும், இல்லன்னா 5 டாலர் அபராதம்னு உத்தரவு. ஜேக்கப்சன்னு ஒரு பாதிரியார், சின்ன வயசுல ஊசி போட்டு ரொம்ப அவதிப்பட்டவர், முடியாதுன்னுட்டார். கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1905-ல 7க்கு 2ன்னு அவர் தோத்தார். ஊரோட பாதுகாப்புக்காக தனி ஆளோட சுதந்திரத்துக்கு ஒரு எல்லை போடலாம்னு தீர்ப்பு

கயல்: அப்பா, அந்தக் கதையை எப்பவும் பாதியிலேயே நிறுத்திடறீங்க

ராஜசேகர்: மீதியை நீ சொல்லுவன்னு தெரியும். சட்டம் படிக்க வச்சது தப்பாப் போச்சு

கயல்: மாமா கேளுங்க. 22 வருஷம் கழிச்சு 1927-ல அதே நீதிமன்றம், கேரி பக்னு ஒரு இளம்பெண்ணுக்கு "புத்தி மந்தம்"னு முத்திரை குத்தி, அவ சம்மதம் இல்லாமலே கருத்தடை பண்ணலாம்னு தீர்ப்பு கொடுத்துச்சு. அதுக்குக் காட்டின ஒரே முன் தீர்ப்பு எது தெரியுமா? இந்த ஜேக்கப்சன் வழக்குதான். கட்டாயமா ஊசி போடலாம்னா இதையும் பண்ணலாம்னு எழுதி வச்சிருக்காங்க. 5 டாலர் அபராதத்துக்காகத் திறந்த கதவு, ஒரு பொண்ணோட வயித்து வரைக்கும் போச்சு

செழியன்: பாத்தியா அத்தான்

செழியன்: என் மருமக என் பக்கம்

கயல்: அவசரப்படாதீங்க மாமா, நான் உங்க பக்கமும் இல்ல. கட்டுப்பாடே கூடாதுன்னு நான் சொல்லல. எதுக்கு, எத்தனை நாளைக்கு, இதைவிட இலேசா வேற வழி இல்லையா, இந்த மூணுக்கும் பதில் இல்லாத கட்டுப்பாடு கூடாதுங்கறேன். 1984-ல சிசிலி தீவுல சிரகூசாங்கிற ஊர்ல வல்லுநர்கள் கூடி எழுதி வச்சது கிட்டத்தட்ட இதுதான். அறிவியல் ஆதாரம் இருக்கணும், ஆளுக்கு ஆள் மாறக்கூடாது, முடிவு தேதி இருக்கணும், நடுவுல மறுபரிசீலனை பண்ணணும்

ராஜசேகர்: நம்ம உச்ச நீதிமன்றமும் 2022 மே மாசம் அந்த வழியிலதான் போச்சு. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடம்பு அவங்கவங்க உரிமை. ஆனா மத்தவங்களுக்கு ஆபத்து இருக்கற வரைக்கும் அளவான கட்டுப்பாடு போடலாம். தொற்று குறைஞ்சிருக்கறப்ப ஊசி போடாதவங்களைப் பொது இடத்துல தடுக்கறது அளவுக்கு மீறினதுன்னும் சொல்லிடுச்சு

மாறன்: கயல்க்கா, ஒரு ஊரே தன்னைத் தானே பூட்டிக்கிட்ட கதை கேட்டிருக்கியா? ஸ்கூல்ல சொன்னாங்க. இங்கிலாந்துல ஈம்னு (Eyam) ஒரு கிராமம். 1665-ல லண்டன்லேர்ந்து வந்த துணி மூட்டையில பிளேக் வந்துச்சு. யாரும் வெளிய போக மாட்டோம்னு அவங்களே எல்லை போட்டுக்கிட்டாங்க. பக்கத்து ஊர்க்காரங்க எல்லைக் கல்லுல சாமான் வச்சுட்டுப் போவாங்க, இவங்க காசை வினிகர்ல போட்டு வைப்பாங்க. 250 பேருக்கு மேல போய்ட்டாங்க. செம தியாகம்ல

கயல்: தியாகம்தான். ஆனா அந்த முடிவை எடுக்க வச்ச பாதிரியார் மோம்பெசன், தன் பிள்ளைங்களை முன்னாடியே வெளியூருக்கு அனுப்பிட்டார்டா

செழியன்: அதானே பாத்தேன்

கயல்: மனைவி மட்டும் கூடவே இருந்தாங்க. 1666-ல பிளேக்லயே இறந்தாங்க. அதையும் சொல்லணும்

மீனா: எனக்கு அந்தக் கல்லுதான் மனசுல நிக்குது. உள்ள இருன்னு சொன்னவங்க கல்லு மேல சாமானும் வச்சாங்க இல்ல? நமக்கு யாரு வச்சா? அவருக்குப் பாசிடிவ் வந்தப்ப 14 நாள் சம்பளம் வெட்டு. இது யாருக்கும் தெரியாது, இன்னைக்குச் சொல்றேன். மாறனுக்கு பீஸ் கட்டணும், வாடகை கொடுக்கணும். ரெண்டாவது தடவை காய்ச்சல் வந்தப்ப மாத்திரை போட்டு காய்ச்சலை இறக்கிட்டு வேலைக்குப் போனார்

செழியன்: மீனா!!

மீனா: போகலன்னு சொல்லுங்க பாப்போம்

செழியன்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

மாறன்: அப்பா, நான் படிச்சுட்டேன்

கௌரி: நாங்களும்

செழியன்: சரி. போனேன். பக்கத்து சீட்டுல வயசான மனுஷன் ஒருத்தர் இருந்தார். அவருக்கு ஒண்ணும் ஆகல, அது என் அதிர்ஷ்டம். தினமும் அவரு வந்துட்டாரான்னு பாத்துட்டுதான் பேக்கைக் கீழ வைப்பேன்

9:20

தாரிணி: மாமா, நீங்க சொன்னதால நானும் ஒண்ணு சொல்றேன். நர்சிங் படிக்கறப்ப எங்களுக்கு மேரி மாலன் கதை சொல்லிக்கொடுத்தாங்க. நியூயார்க்ல சமையல்காரம்மா. டைபாய்டு கிருமி உடம்புல இருக்கு, ஆனா அவங்களுக்கு ஒரு நாள்கூட நோவு தெரியல. அவங்க வேலை பாத்த பல வீட்டுல ஆளுங்க படுக்கையில விழறாங்க. 1907-ல பிடிச்சு ஒரு தீவுல வச்சுட்டாங்க. 1910-ல, இனி சமைக்க மாட்டேன்னு வாக்கு வாங்கிட்டு விட்டாங்க. துணி துவைக்கிற வேலை, கூலி ரொம்பக் கம்மி. பேரை மாத்திக்கிட்டு மறுபடி சமையலுக்குப் போய்ட்டாங்க. 1915-ல ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில 25 பேருக்கு டைபாய்டு, ரெண்டு பேர் செத்துட்டாங்க. திரும்ப அதே தீவு. 1938-ல சாகற வரைக்கும் அங்கதான். ரெண்டு தடவையும் சேத்தா கிட்டத்தட்ட 26 வருஷம்

தாரிணி: பரீட்சையில "நோயைச் சுமப்பவர்"னு அவங்களைப் பத்தி 5 மார்க் கேள்வி வரும். அந்தம்மாவுக்கு சமையலுக்கு ஈடான கூலியில வேற வேலை ஏன் யாரும் ஏற்பாடு பண்ணலன்னு கேள்வி வராது. அதே மாதிரி கிருமி இருந்த எத்தனையோ பேர் வெளியதான் இருந்தாங்க. தீவு அவங்களுக்கு மட்டும்

கயல்: அக்கா இதை எழுதி வச்சுக்கறேன்

தாரிணி: இரு. மாமாவுக்குச் சொல்லணும். அன்னைக்கு நான் "வராதீங்க"ன்னு எழுதினேன், ஆமா. எழுதறப்ப ஹாஸ்டல் ரூம்ல தனியா இருந்தேன். ஆச்சி இருந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடலாம், அவ்ளோ பக்கம். என் டியூட்டி வேற இடத்துல. நானும் பாக்கல மாமா. யாரும் என்கிட்ட கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல

செழியன்: நீ கூட இருந்தேன்னுல்ல நினைச்சேன்

தாரிணி: இல்ல. ஆனா அந்த வாரம் மத்தவங்க அம்மாவுக்கெல்லாம் போன் பிடிச்சேன். போனை பிளாஸ்டிக் கவர்ல போட்டு, முகத்துக்கு நேரா. ரெண்டு கையுறைக்கு மேல ஸ்கிரீன் தொட்டா சரியா வேலை செய்யாது, திரும்பத் திரும்ப அழுத்துவோம். ஒரு பொண்ணு அந்தப் பக்கத்துலேர்ந்து "கொஞ்சம் கிட்ட கொண்டு போங்க, அம்மா நெத்தியில ஒரு மச்சம் இருக்கும், அதைப் பாத்துக்கறேன்"னுச்சு. கவர்ல ஆவி படிஞ்சு மச்சம் தெரியல. துடைச்சு துடைச்சுக் காட்டினேன்

தாரிணி: அப்ப சரின்னு நினைச்சதை இன்னைக்கு அப்படியே சரின்னு சொல்ல மாட்டேன். கூட்டத்தைத் தடுத்தது சரி. ஒரே ஒருத்தரை, கவச உடை போட்டு, பத்து நிமிஷம் உள்ள விட்டிருக்கலாம். பின்னாடி சில இடத்துல விட்டாங்க. முதல்லயே விட்டிருந்தா என்ன? கவச உடை எங்களுக்கே பத்தலங்கிறது ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம்

9:41

செழியன்: உன் மேல கோபம் இல்லம்மா. ஆனா அந்த நாளை சரின்னு என்னால ஒத்துக்க முடியாது

தாரிணி: ஒத்துக்க வேணாம் மாமா

கௌரி: எல்லாரும் கண்ணைத் தொடச்சுக்கிட்டு தூங்குங்க. ஞாயித்துக்கிழமை விஷயம் நாளைக்குப் பேசலாம்

செழியன்: பேச என்ன இருக்கு. ஆபத்துல இருக்கறவங்க வீட்டுல இருக்கட்டும், மத்தவங்க நடமாடட்டும். இதைத்தானே அப்பவும் பல பேர் சொன்னாங்க? நம்மள்ல அப்படி யாரு இருக்கா?

(பார்வதி டைப் செய்கிறார்… நிறுத்துகிறார்… மறுபடி டைப் செய்கிறார்…)

பார்வதி: நான் இருக்கேன் செழியா

பார்வதி: புற்றுநோய்க்குக் கீமோ முடிஞ்சு ஆறு வாரம் ஆச்சு. கிருமியை எதிர்க்கற வெள்ளணு இன்னும் ஏறல. உனக்குச் சொல்ல வேணாம்னு நான்தான் தாரிணிகிட்ட சத்தியம் வாங்கினேன். அதனாலதான் பாவம் காரணம் சொல்லாம உன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டா

செழியன்: அக்கா

செழியன்: எப்ப. என்ன. ஏன் சொல்லல

பார்வதி: அதை நேர்ல பேசுவோம். இப்ப நீ சொன்னதுக்குப் பதில். ஆபத்துல இருக்கறவ வீட்டுல இருக்கணும்னா அது நான்தானே? அஞ்சு மாசமா ஜன்னல் வழியா தெருவைப் பாத்துட்டிருக்கேன். நீ மாஸ்க் மாட்டறது உன் சுதந்திரத்துக்குக் குறைன்னா, நான் அறைக்குள்ள கிடக்கறது யாரோட கணக்குல சேரும்? நம்ம ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் எதையாவது விட்டுத்தான் ஆகணும். உனக்கு ரெண்டு நாள் மூச்சு முட்டும். எனக்கு ஞாயித்துக்கிழமையே போயிடும்

பார்வதி: ஆனா எனக்காக உன்னை வராதேன்னு சொல்றதும் எனக்குப் பிடிக்கல. உன்னைப் பாக்கத்தான் நான் வர்றதே

கயல்: இதைவிட இலேசா வேற வழி இருக்கான்னு பாக்கலாமேம்மா. சிரகூசா 😄

ராஜசேகர்: ஆரம்பிச்சுட்டா

தாரிணி: இருக்கு. ஹால்ல வேணாம், மாடியில திறந்த வெளியில உக்காரலாம். வெளிக்காத்துல பரவறது ரொம்பக் குறையும். மாமா நாளைக்கு ஒரு டெஸ்ட், 48 மணி நேரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை காலைல இன்னொண்ணு. முதல் டெஸ்ட் நெகடிவ்னு ஏமாந்துடக்கூடாது. ரெண்டும் நெகடிவ்வா இருந்து, மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லன்னா, என்-95 மாஸ்க் போட்டு வரலாம். சளிக் காய்ச்சலா இருந்தாலும் பெரியம்மாவுக்கு ஆகாது, அதனால மாஸ்க் கழட்டக் கூடாது. சாப்பிடறப்ப மட்டும் தள்ளிப் போயிடணும்

செழியன்: பாசிடிவ் வந்தா?

தாரிணி: வந்தா வீட்டுலதான் மாமா. ஆனா நான் ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்து மாத்திரை, சாமான் எல்லாம் வாசல்ல வச்சுட்டுப் போறேன்

மீனா: கல்லு மேல வச்ச மாதிரி

கௌரி: சம்பளம் வெட்டினா இந்தத் தடவை எங்கிட்ட சொல்லணும். சொல்லாம மறைச்சா நேர்ல வந்து அடிப்பேன், பாசிடிவ்வானாலும் பரவால்ல

வெள்ளி, காலை 9:02

செழியன்: (படம்: டெஸ்ட் கிட்)

மாறன்: ஒரே கோடு, நெகடிவ். நான்தான் டைம் பாத்தேன், 15 நிமிஷம் முழுசா விட்டோம்

தாரிணி: சரி. அடுத்தது ஞாயித்துக்கிழமை காலைல. அதுவரைக்கும் தனி அறை

செழியன்: தெரியும்

ராஜசேகர்: செழியா, கட்டுப்பாட்டுக்கு முடிவு தேதி கேட்டு மனு போடு

செழியன்: போட்டாச்சு அத்தான். ஞாயித்துக்கிழமை காலை 9:15

பார்வதி: மாடியில என் நாற்காலிக்கு எதிர்ல உனக்கு ஒண்ணு போடச் சொல்லியிருக்கேன். ஆறடி தள்ளி

செழியன்: அளக்க டேப் நானே கொண்டு வரேன்க்கா. நீ போட்டா அஞ்சடிதான் இருக்கும்