வாடகை ஸ்கூட்டர் நகரவில்லை, நாளை இரவு விமானம். உதவுங்கள்

சாந்தி_தண்டையார்பேட்டை (இரவு 8.10)
வாடகைக்கு எடுத்த ஸ்கூட்டர் நகர மறுக்கிறது. நேற்று நன்றாக ஓடியது. நாளை இரவு சிங்கப்பூர் போகிறேன். மறுநாள் காலை அங்கே யூனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வாடகைக் கடையில் போனை எடுக்கவில்லை. என்ன செய்வது?

மணலி_பட்டறை (8.16)
எந்த வண்டி? எந்த வருட மாடல்? உதைத்துப் பார்த்தீர்களா? பிளக்கைக் கழற்றித் துடையுங்கள்.

சாந்தி_தண்டையார்பேட்டை (8.21)
பெட்ரோல் வண்டி இல்லை. முழங்கால் தேய்ந்தவர்கள் உட்கார்ந்து போகிற நான்கு சக்கர மின்சார ஸ்கூட்டர். சாவி போட்டால் விளக்கு எரிகிறது, பேட்டரி முள் பச்சையில் நிற்கிறது. கட்டைவிரலால் லீவரை அழுத்தினால் பீப் பீப் என்கிறது, அவ்வளவுதான்.

காசிமேடு_கரை (8.30)
அக்கா, உப்புக்காற்றாகத்தான் இருக்கும். எங்கள் பக்கம் இன்வெர்ட்டர் பேட்டரி முனைகளில் ஆறே மாதத்தில் பச்சை பூத்துவிடும். இருக்கையைத் தூக்கி ஒயர் முனைகளைச் சுரண்டிப் பாருங்கள்.

மூத்த_உறுப்பினர் (8.34)
எத்தனை முறை எழுதினாலும் யாரும் படிப்பதில்லை. முள்ளை நம்பக் கூடாது. சும்மா நிற்கும்போது தேய்ந்த பேட்டரிகூட நிறைந்ததாகக் காட்டலாம். பளு ஏறினால்தான் சாயம் வெளுக்கும். இந்த வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு சேர்ந்து 24 வோல்ட். ஒன்று செத்தால் இரண்டும் வீண். பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். வாடகைக்கு எடுக்கும் முன் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பெரம்பூர்_வண்டிக்காரர் (8.41)
அம்மா, எதையும் சுரண்ட வேண்டாம். மூன்று விஷயம் சொல்லுங்கள். சார்ஜர் ஒயர் செருகியே இருக்கிறதா? பல வண்டிகள் சார்ஜ் ஏறும்போது நகராது. சாவியை எடுத்துவிட்டுக் கையால் தள்ளினால் உருள்கிறதா? நேற்று ஓடியதற்கும் இன்று நின்றதற்கும் இடையே யாராவது வண்டியைத் தூக்கினார்களா?

எண்ணூர்_ராஜா (8.52)
வண்டி இருக்கட்டும். இந்த நிலையில் தனியாக அயல்நாடா? ராட்டினத்தில் ஏற யார் கை கொடுப்பார்கள்? வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மல்லிகா_ராயபுரம் (8.58)
எண்ணூர் அண்ணனுக்கு: சாந்தி அக்கா கேட்டது வண்டியைப் பற்றி. எனக்கும் இடுப்பு எலும்பில் அறுவை ஆகியிருக்கிறது. துணைக்கு வருபவருக்கு லீவு கிடைக்குமா என்று பார்த்தே நான்கு ஆண்டுகள் எங்கும் போகவில்லை. அப்புறம் தனியாகப் போனேன். கூட வருபவரின் முகத்தைப் பார்க்காமல் நினைத்த இடத்தில் நின்று நினைத்த நேரம் பார்ப்பது என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாந்தி அக்கா, ஒன்று மட்டும்: இத்தகைய பூங்காக்களில் ஊழியர்கள் நம்மைத் தூக்கி உட்கார வைக்க மாட்டார்கள். ஸ்கூட்டரிலிருந்து இருக்கைக்கு நாமே மாறிக்கொள்ள வேண்டும். உங்களால் எழுந்து நாலு அடி வைக்க முடிந்தால் போதும். ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் முதலில் கேட்டுவிடுங்கள். ஏறப் போகும்போது சாவியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர்_ராஜா (9.03)
அக்கறையில் சொன்னேன். என் அம்மாவாக இருந்தால் அனுப்ப மாட்டேன்.

மல்லிகா_ராயபுரம் (9.05)
உங்கள் அம்மாவைக் கேட்டுப் பார்த்தீர்களா?

திருவொற்றியூர்_தேரடி (9.11)
சண்டை வேண்டாம். அக்கா, விமான நிலையத்துக்கு டாக்சி பிடித்து, வண்டியை டிக்கியில் திணிக்கக் கஷ்டப்படாதீர்கள். 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. தண்டையார்பேட்டையில் ஏறினால் மாறாமல் நேரே விமான நிலையம். லிஃப்ட் இருக்கிறது.

மணலி_பட்டறை (9.14)
லிஃப்ட் இருக்கிறது சரி. வீட்டிலிருந்து அந்த லிஃப்ட் வரை திருவொற்றியூர் நெடுஞ்சாலை நடைபாதையில் இந்தச் சின்னச் சக்கரம் எப்படிப் போகும்? கடைப் பலகை, பைக், உடைந்த கல்.

திருவொற்றியூர்_தேரடி (9.17)
அதனால்தான் நாம் கேட்க வேண்டும். ஊருக்குள் ஓட்ட முடியாத வண்டியை அயல்நாட்டுக்குப் போய்த்தான் ஓட்ட வேண்டுமென்றால் நெஞ்சு வலிக்கிறது.

சாந்தி_தண்டையார்பேட்டை (9.26)
பெரம்பூர் ஐயாவுக்கு: சார்ஜர் செருகவில்லை. தள்ளினால் குழந்தை வண்டி போல உருள்கிறது. காலையில் எதிர்வீட்டுப் பையன்கள் படியிலிருந்து இறக்கி வாசலுக்கு உருட்டிவந்தார்கள்.

பெரம்பூர்_வண்டிக்காரர் (9.29)
அங்கேதான் இருக்கிறது விஷயம். சாவி எடுத்த வண்டி உருளவே கூடாது. அதில் மின்காந்த பிரேக் தானாகப் பிடித்திருக்கும். உருட்டுவதற்காகப் பின் சக்கரத்தருகே ஒரு சிறிய லீவர் வைத்திருப்பார்கள். பையன்கள் அதைத் தளர்த்தியிருக்கிறார்கள். அது தளர்ந்திருந்தால் வண்டி பீப் மட்டும்தான் போடும். சாவியை அணையுங்கள், லீவரைப் பழைய நிலைக்குத் தள்ளுங்கள், பிறகு சாவி போடுங்கள். அணைக்காமல் லீவரை மட்டும் மாற்றினால் பல வண்டிகள் பழைய பிழையையே பிடித்துக்கொண்டிருக்கும். லீவர் தளர்ந்திருக்கும்போது சரிவில் மட்டும் உட்காராதீர்கள், பிரேக்கே இருக்காது.

மூத்த_உறுப்பினர் (9.33)
இருந்தாலும் பேட்டரியையும் சோதித்துவிடுவது நல்லது.

பெரம்பூர்_வண்டிக்காரர் (9.36)
அது சரிதான் ஐயா. அம்மா, நகர்ந்தால் தெருவில் பதினைந்து நிமிடம் ஓட்டி முள் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இன்னொன்று, இதுதான் முக்கியம்: பேட்டரி எந்த வகை? விமான நிறுவனத்திடம் சொல்லிவிட்டீர்களா? கசியாத ஈய பேட்டரி என்றால் ஒரு விதி, லித்தியம் என்றால் வேறு. கழற்றி எடுக்கும் ஒற்றை லித்தியம் பேட்டரிக்கு 300 வாட் மணி வரைதான் அனுமதி. பேட்டரியில் 24 வோல்ட், 12 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் பெருக்கினால் 288, தப்பித்தீர்கள். அதைவிடப் பெரியது என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும்.

மல்லிகா_ராயபுரம் (9.40)
சிங்கப்பூரில் பிளக் சதுர முனை, மூன்று கால். மின்சாரம் நம்மைப் போல 230 வோல்ட்தான். அடாப்டர் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாந்தி_தண்டையார்பேட்டை (10.02)
ஓடுகிறது! லீவர்தான். தெரு முனை வரை போய்வந்துவிட்டேன். எல்லாருக்கும் நன்றி. பெட்டி கட்டப் போகிறேன்.

பெரம்பூர்_வண்டிக்காரர் (10.05)
மிக்க மகிழ்ச்சி. பேட்டரி வகை?

பெரம்பூர்_வண்டிக்காரர் (மறுநாள் காலை 7.20)
அம்மா, இருக்கையைத் தூக்கினால் பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் தாளில் எழுதியிருக்கும். படம் எடுத்து இங்கே போடுங்கள். இன்று பகலுக்குள் விமான நிறுவனத்துக்குப் போன் செய்தாக வேண்டும்.