பாதை பத்தடின்னு ஆதாரத்துல (பத்திரத்துல) இருந்தா போதுமா ஓய்?

கய்யாலை_மூப்பு:
"வீடு வாங்குபவர் செய்யும் ஏழு தப்புகள்"னு ஒரு வீடியோ நம்ம கன்னியாகுமரி ஜில்லா குரூப்பு பூரா சுத்துது. ஆறு தப்பு சரிதான். ஏழாவதா அந்தத் தம்பி சொல்லுதாரு: "ஆதாரத்தில் பத்தடிப் பாதை என்று எழுதியிருந்தால் நிம்மதியாக அட்வான்ஸ் கொடுக்கலாம்." எங்கேருந்து வந்த நிம்மதி? நம்ம ஊர்ல பாதி வீடு விளைக்குள்ள, அதாவது தோப்புக்குள்ள கிடக்கு. ரோட்டுலேருந்து வாசல் வரைக்கும் மூணு பேரு மண்ணைத் தாண்டணும். விக்கிறவன் தனக்க ஆதாரத்துல பத்தடின்னு எழுதிக்கிட்டா முன்னாடி விளைக்காரனைக் கட்டுப்படுத்துமா? அவனுக்க ஆதாரத்துல அந்தப் பாதை இருக்கான்னுல்ல பாக்கணும்.

ஆதாரஎழுத்து:
வந்துட்டாரு மூப்பரு. "மாமூல் வழிநடை பாத்தியத்துடன்"னு, அதாவது வழக்கமா நடக்கிற வழிக்கு உரிமையோடன்னு, சேர்க்காம ஒரு கிரயமும் எழுதுறதில்ல. பத்தடின்னு எழுதியிருந்தா பத்தடிதான். அதுக்கு மேல என்ன வேணும்?

கய்யாலை_மூப்பு:
மாமூல்னா எத்தனை அடி? அதைச் சொல்லும் முதல்ல.

ஆதாரஎழுத்து:
மாமூல்னா மாமூல். பத்தடி தனியா எழுதியிருக்குல்ல.

கய்யாலை_மூப்பு:
யாரு எழுதினது? விக்கிறவன். யாரு மண்ணுல? அடுத்தவன் மண்ணுல. தன்கிட்ட இல்லாததை ஒருத்தன் எப்படி விப்பான்?
வாங்குறவங்க செய்ய வேண்டியது இதுதான். புலப்படம், அதாவது சர்வே வரைபடம் எடுங்க. பாதை எந்தெந்த உட்பிரிவு வழியா வருதுன்னு ஒண்ணொண்ணா குறிச்சுக்கிடுங்க. பாதை தனிப் புல எண்ணா நின்னு, அ-பதிவேட்டுல (கிராம நிலக் கணக்குல) அரசுப் புறம்போக்கு பாதைன்னு இருந்தா நல்லது. இல்லேன்னா பெரும்பாலும் அது தனியார் மண்ணு, புலப்படத்துல அந்தப் பாதைக்குக் கோடு கிடக்காமலும் இருக்கலாம். அப்போ முன்னாடி விளைக்காரனுக்க உட்பிரிவுக்கும் வில்லங்கம் (அந்த மண்ணுல பதிஞ்ச பத்திரங்களுக்க பட்டியல்) போடுங்க. அவன் வழி விட்டுக் கொடுத்த ஆதாரமோ, பாகம் வச்சபோ "பொதுவழி"ன்னு அளவோட எழுதின பாகப்பத்திரமோ கிடைக்கணும். எல்லாரும் தாங்க வாங்குற அஞ்சு சென்ட்டுக்கு மட்டும் வில்லங்கம் போட்டுட்டு பைலை மூடிடுதாங்க. தப்பு அங்கதான் நடக்கு.

ரப்பர்பால்:
வில்லங்கம் போடுறதுன்னா பழைய சர்வே, ரீசர்வே ரெண்டு எண்ணுக்கும் போடணும் அண்ணே. ரீசர்வே எண்ணுக்கு மட்டும் போட்டா பழைய எண்ணுல பதிஞ்ச ஒற்றியும் (அடமானமும்) பாகமும் கண்ணுல படாமப் போகும். ஆனா பாதை விஷயத்துல நீங்க சும்மா பயமுறுத்துதீங்க. இருபது வருஷம் நடந்த வழின்னா உரிமை வந்தாச்சு. சட்டமே சொல்லுது.

கய்யாலை_மூப்பு:
1882 ஈஸ்மெண்ட் சட்டம் (அடுத்தவன் மண்ணுல வழி மாதிரி உரிமை பத்தினது) 15-ஆம் பிரிவு. முழுசா வாசிச்சுப் பாரும். இருபது வருஷம் தடையில்லாம, வெளிப்படையா, உரிமைன்னு சொல்லி நடந்திருக்கணும். "போய்க்கிட்டுப் போ மக்கா"ன்னு அவன் அனுமதி கொடுத்து நடந்தா அது கணக்குல வராது, அந்த அனுமதியை அவன் திருப்பி எடுக்கலாம். அந்த இருபது வருஷமும் கேஸ் போடுறதுக்கு முந்தின ரெண்டு வருஷத்துக்குள்ள முடிஞ்சிருக்கணும். அதாவது கோர்ட்டுக்குப் போனாத்தான் உமக்க உரிமை உறுதியாகும். வீடு வாங்குறவன் முதல் வேலையா கேஸா போடுவான்?
அதோட, நடந்தா நடக்கிற உரிமை. டிப்பர் ஓட்டுற உரிமை எங்க வந்துச்சு?

தோவாளை_மல்லி:
எழுத்தை விடுங்க அண்ணாச்சி, டேப்பைப் பிடிங்க. பாதையை ஒடுக்கமான இடத்துல, கய்யாலை (எல்லைச் சுவர்) முகத்துலேருந்து எதிர் முகம் வரைக்கும் அளக்கணும். ஆதாரத்துல பத்தடின்னு இருக்கும், வளைவுல எட்டடிதான் நிக்கும். எட்டடின்னா 2.44 மீட்டர். டிப்பரும் போர் போடுற லாரியும் கிட்டத்தட்ட 2.5 மீட்டர் அகலம். நேரா பத்தடி இருந்தாலும் 'எல்' மாதிரி திருப்பம் வந்தா லாரி திரும்பாது. மணலும் ஜல்லியும் ரோட்டுல தட்டி தலைச்சுமையாக் கொண்டு போகணும், கூலி வேற. நடுவுல ஈபி போஸ்ட் நின்னா கேக்கவே வேண்டாம்.
மதிலும் பாக்கணும். மேல ஒம்பது இஞ்ச்தான் தெரியும், கீழ வானம் (அஸ்திவாரம்) ரெண்டடி பாதைக்குள்ள வந்து நிக்கும். பைப் போடத் தோண்டும்போதுதான் தெரியவரும்.

ஆதாரஎழுத்து:
அம்மா சொல்லுறது கட்டுமான விஷயம். நான் சொல்லுறது உரிமை. பத்தடி எழுதியிருந்தா பத்தடி. ஒருத்தன் எட்டடியாக் குறுக்கினா அவன் மேல கேஸ் போடலாம்.

கய்யாலை_மூப்பு:
மறுபடியும் பத்தடி! முன்னாடிக்காரன் கையெழுத்து எங்கேன்னு கேட்டேன். இன்னும் பதில் வரல.

முட்டம்_கலங்கரை:
போன மாசம் கிணறு விவாதத்துலயும் மூப்பர் இப்படித்தான், ஒரே கேள்வியை நாலு நாள் கேட்டாரு 😂. சரி, கால்வாய்க் கரை வழியா வீட்டுக்குப் போறவங்க கதை என்ன? பட்டணங்கால், அனந்தனார் கால்வாய் ஓரத்துல எத்தனை வீடு!

கய்யாலை_மூப்பு:
கரை அரசு நிலம் ஓய், கால்வாய்க்காக விட்டது. அதுல இருபது இல்ல, முப்பது வருஷக் கணக்கு. குறுக்கே ஸ்லாப்பு போட துறைக்க அனுமதி வேணும். புரோக்கர் "கார் வாசல் வரை வரும்"னு சொல்லுவான், கார் வரும்தான். அதை வச்சு பாத்தியம்னு நினைக்காண்டாம்.

ரப்பர்பால்:
எல்லாத்துக்கும் இப்படி முட்டுக்கட்டை போட்டா இந்த ஜில்லாவுல யாரும் வீடு வாங்க முடியாது. வேற வழியே இல்லேன்னா அவசிய வழின்னு ஒரு உரிமை இருக்குல்ல? 13-ஆம் பிரிவு.

கய்யாலை_மூப்பு:
இருக்கு. ஒரே ஆளுக்க நிலம் ரெண்டாப் பிரிஞ்சு, பின்னாடி துண்டு அடைபட்டா. எந்தப் பக்கமா விடணும்னு முன்னாடிக்காரன் காட்டுவான், நமக்கு ஏத்ததா இருக்கணும், அவ்வளவுதான். வேற வழி வந்துட்டா அந்த உரிமையும் போயிரும். அதுல பத்தடி எங்க இருக்கு?

ஆதாரஎழுத்து:
நாகர்கோவில்காரருக்கு மார்த்தாண்டம் பக்கத்து ஆதாரம் என்ன தெரியும். மலையாளத்துல எழுதின முன்னாதாரம் (முந்தின பத்திரம்) வாசிச்சிருக்கீரா? அதுல "நடவழி"ன்னு சுத்தமா போட்டிருக்கும். கொல்லம் ஆண்டு (மலையாள வருஷம்) 1112 கும்பம்னா 1936.

கய்யாலை_மூப்பு:
1937. ஆவணியிலேருந்து டிசம்பர் முடிய 824 கூட்டணும், ஜனவரியிலேருந்து 825. கும்பம் மாசிதானே? வருஷமே தப்பாப் போட்டா முப்பது வருஷ வில்லங்கத்தை எங்கேருந்து எண்ணுவீரு? "நடவழி"ன்னு நீரே சொல்லிட்டீரு. நடக்க வழி. வண்டி எங்க?

ஆதாரஎழுத்து:
எங்க ஆபீஸ்ல 824தான் கூட்டுவோம். யாரும் குறை சொன்னதில்ல.

முட்டம்_கலங்கரை:
அப்போ 825 யாருக்கு? 😂

தோவாளை_மல்லி:
பாதை மண்ணுக்கும் வாங்குறவங்கதான் காசு கொடுக்காங்க, அதை ஒருத்தரும் சொல்லல. பத்தடி அகலம், 65 அடி நீளம்னா 650 சதுரடி, ஒண்ணரை சென்ட்டுக்கு கொஞ்சம் குறைவு. பேரம் பேசும்போதே "அஞ்சு சென்ட்டு பாதை சேர்த்தா, சேர்க்காமயா"ன்னு கேட்டு கிரய ஒப்பந்தத்துல எழுதி வாங்கணும். பட்டாவும் பாருங்க. அஞ்சு சென்ட்டுன்னா 2.02 ஏர் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்) இருக்கணும். 1.80 ஏர்னா 4.45 சென்ட்டுதான். அரை சென்ட்டுக்கு மேல எங்க போச்சுன்னு கேளுங்க. அந்த அரை சென்ட்டுக்கும் சேர்த்துத்தான் முத்திரை 7, பதிவு 2 சதவீதம் கட்டுவீங்க.

ரப்பர்பால்:
சென்ட்டுக்கு 435 சதுரடி போட்டா கணக்கு மாறும்.

தோவாளை_மல்லி:
435.6. அஞ்சு சென்ட்டுக்கு மூணு சதுரடி வித்தியாசம், ஒரு செருப்பு வைக்கிற இடம். அதுக்காக ஒரு பதிவா?

ரப்பர்பால்:
செருப்பு வைக்கிற இடத்துக்குத்தான் இங்க வருஷக்கணக்கா கேஸ் நடக்கு.

கய்யாலை_மூப்பு:
ரப்பர்பால் சரியாச் சொன்ன ஒரே விஷயம். ஆதாரஎழுத்து, நீரு பதில் சொல்லும். முன்னாடிக்காரன் கையெழுத்து எங்க?

ஆதாரஎழுத்து:
பத்தடி எழுதியிருந்தா கோர்ட்டுல நிக்கும். திரும்பச் சொல்லுதேன், நிக்கும். நாலு எல்கையும் சொல்லி, பாதையைத் தனி தபசிலா (சொத்து விவரப் பட்டியலா) போட்டா எந்தக் கொம்பனும் அசைக்க முடியாது.

கய்யாலை_மூப்பு:
தபசில் போட்டது விக்கிறவன். கையெழுத்து விக்கிறவன். மண்ணு?

ஆதாரஎழுத்து:
மூப்பரே, உம்ம கூட பேசி நேரம் போகுது. இன்னைக்கு ரெண்டு கிரயம் எழுதணும்.

கய்யாலை_மூப்பு:
எழுதும் எழுதும். பத்தடி போடும். 824-ம் கூட்டும்.

முட்டம்_கலங்கரை:
கடற்கரையில வீடு பாக்கிறவங்களுக்கு உயர் அலைக் கோட்டுலேருந்து 500 மீட்டர் கட்டுப்பாடு பத்தி யாராவது சொல்லுவீங்களா? இல்ல அங்கயும் பத்தடியா?