சிவிலைசேஷன் 6: ஃபெய்த் சேர்ப்பதா, கோல்டு சேர்ப்பதா?

முதல் பதிவு

நாடு வளர்க்கும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 6-இல் ஃபெய்த் (மத நம்பிக்கைப் புள்ளி), கோல்டு (பணம்) இரண்டில் எதைச் சேர்ப்பது என்பதில், விலையைப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும். ஒன்றைக் கோல்டு கொடுத்து வாங்க, அதைக் கட்டத் தேவையான உற்பத்தியான புரொடக்‌ஷனைப் போல நான்கு மடங்கு ஆகும்; ஃபெய்த் என்றால் இரண்டே மடங்கு. முதல் செட்லர் (புது ஊர் நிறுவுபவர்) 320 கோல்டு அல்லது 160 ஃபெய்த். ஆனால் ஃபெய்த்துக்கு எல்லாக் கதவும் திறக்காது. செட்லர், பில்டர் (நிலத்தை மேம்படுத்தும் தொழிலாளர்) வாங்க, ரைஸ் அண்ட் ஃபால் என்ற கூடுதல் தொகுப்பில் வந்த மானுமென்டாலிட்டி என்ற தேர்வு வேண்டும், அதுவும் கோல்டன் ஏஜில் (பொற்காலத்தில்). அப்போது இரண்டும் 30% மலிவு: 160 என்பது 112 ஆகும்.

25 ஃபெய்த்தில் பேந்தியன் (முதல் தெய்வ நம்பிக்கை) எடுத்தபின் வருவதைச் செலவழிக்காமல் வையுங்கள். ஏஜ் மாறியதும் வாங்குங்கள். ஒவ்வொரு செட்லருக்கும் அடுத்ததின் விலை ஏறும். ஊரில் மக்கள்தொகை 2 இருக்க வேண்டும், வாங்கியதும் ஒன்று குறையும். அதனால் சாப்பாடு மிஞ்சும் ஊரில் வாங்குவதே நல்லது. ஊரின் நடு டைலில் (கட்டத்தில்) ஏற்கெனவே ஒரு பில்டர் நின்றால் வாங்க முடியாது. வாங்கப்பட்டவர் அடுத்த டர்னில்தான் நகர்வார்.

பதில்

எல்லாம் சரி, ஆனா கோல்டை விட்டுடாதீங்க. படையோட பராமரிப்பு, பழைய யூனிட்டை அப்கிரேட் பண்றது, டைல் வாங்குறது எதுக்கும் ஃபெய்த் செல்லாது. கோல்டு தீர்ந்து வரவும் மைனஸ்ல போனா யூனிட் தானா கலைஞ்சு போகும். எல்லா ஊர்லயும் ஹோலி சைட் (ஃபெய்த் தர்ற பகுதி) மட்டும் கட்டினா இதுலதான் மாட்டுவீங்க. கமர்ஷியல் ஹப்ல (வணிகப் பகுதி) மார்க்கெட் கட்டினா டிரேட் ரூட்டும் கிடைக்குது, அது ஹோலி சைட் தராத வரவு.

கோல்டன் ஏஜ் தவறிப்போச்சுன்னா சேர்த்த ஃபெய்த் வீண் இல்லை. கவர்ன்மென்ட் பிளாசாவுல (அரசுப் பகுதி) கிராண்ட் மாஸ்டர்ஸ் சாப்பல்ங்கிற கட்டடம் கட்டினா தரைப்படையை ஃபெய்த்ல வாங்கலாம், திடீர்னு எல்லையில சண்டை வந்தா இதைவிடக் கைகொடுக்குறது வேற இல்லை. மோக்‌ஷாவை (ஊருக்கு வைக்கிற கவர்னர்) டிவைன் ஆர்க்கிடெக்ட்ங்கிற புரமோஷன் வரைக்கும் கொண்டுபோனா அவர் இருக்கிற ஊர்ல ஹோலி சைட் மாதிரி டிஸ்டிரிக்டே வாங்கலாம். கோல்டுல அதைச் செய்ய ரெய்னாங்கிற கவர்னர் வேணும்.

இன்னொரு பதில்

ஃபெய்த், கோல்டு ரெண்டையும் ஒன்றாகப் பழக மாலியைப் போல வேறு நாடு கிடையாது. 1324-இல் மெக்கா போகும் வழியில் கெய்ரோவில் தங்கத்தை அள்ளிக் கொடுத்த மன்சா மூசா அதன் தலைவர்களில் ஒருவர், ஆட்டமும் அதற்கேற்பவே. ஊரைப் பாலைவனத்தில் வையுங்கள்: ஊர் மையத்தை ஒட்டிய ஒவ்வொரு பாலை டைலும் 1 ஃபெய்த், 1 உணவு. சுரங்கம் 4 கோல்டு தரும், 1 புரொடக்‌ஷன் பறிக்கும். யூனிட்டும் கட்டடமும் கட்ட 30% மெதுவாவதால் வாங்கித்தான் பிழைக்க வேண்டும்.

சுகுபாவை (மாலியின் கமர்ஷியல் ஹப்) ஆற்றோரம், ஹோலி சைட்டை ஒட்டி வைத்தால் இரண்டுக்கும் தலா 2 கோல்டு. அது முடிந்த ஊரில் எதை வாங்கினாலும் 20% தள்ளுபடி. மாலியால் மார்க்கெட்டை ஃபெய்த்திலேயே வாங்க முடியும். 240 கேட்பது 192 ஆகும். கோல்டை அப்கிரேடுக்கு வைத்துக்கொள்ளலாம்.